துவைகல்லடி மண்

வைக்கோலும் மணலும் திணித்த பொம்மை ஒன்று வேப்பமரத்தில் கட்டப்பட்டிருந்தது. வெள்ளை அரைக்கால் சட்டை, தலையில் குல்லா, மூஞ்சியில் கரியால் வரைந்த மீசை. ராயப்பன் பிரம்பை ஓங்கி அதன் தொடையில் அடித்தான். முன்னால் நின்ற பெண்கள் ஒரு எட்டு பின்வாங்கினார்கள். பிறகு சிரித்தார்கள்.

"தொடையில அடிச்சா எலும்பு முறியாது," என்றான் ராயப்பன். "ஆனா ஆளு எந்திரிச்சு நடக்க நாளாகும். முதுகுல அடிக்கிறவன் தொழில் தெரியாதவன். முதுகு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும்."

கறுப்புக் கண்ணாடி போட்ட கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் கேமராவைத் தூக்கினான். "அண்ணே, இன்னொன்னு போடுங்க. கை ஓங்குறப்ப அப்படியே நில்லுங்க."

ராயப்பன் ஓங்கி, அப்படியே நின்றான். படம் எடுத்ததும் அடித்தான். பொம்மையின் தையல் விட்டு மணல் ஒழுகியது.

அதற்குத் தொட்டிப்பாறை கிளைச்சிறை என்று பெயர். உசிலம்பட்டி தாண்டி எழுமலை போகிற பாதையில், கரட்டு மலையடியில் இருந்தது. வெள்ளைக்காரன் கருங்கல்லில் கட்டியது. குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய ரேகைச் சட்டம் இருந்த காலத்தில் சுற்றுப்பட்டி ஆண்கள் பொழுது சாய்ந்ததும் இங்கே வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். வராதவனை மறுநாள் மூன்று கால் மரச்சட்டத்தில் கட்டி அடித்தார்கள். வெள்ளைக்காரன் போனான், சட்டம் போனது, மரச்சட்டம் போகவில்லை. சாராயத்துக்கும் திருட்டுக்கும் வாய்த்தகராறுக்கும் பிடித்தவர்களை அதே அறைகளில் அடைத்தார்கள். புது ஆட்கள் பழைய பிரம்பால் அடித்தார்கள். எழுபத்தெட்டில் சுவர் விரிசல் விட்டுவிட்டதென்று மூடினார்கள். கொஞ்ச காலம் நெல் மூட்டை அடுக்கினார்கள். பிறகு யாரோ ஓர் அதிகாரிக்கு யோசனை வந்தது. மீனாட்சியம்மனையும் நாயக்கர் மகாலையும் அழகர்கோவிலையும் பார்த்து முடித்த சனம் ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன பார்க்கும்? சுண்ணாம்பு அடித்தார்கள். அறைகளுக்குப் பழைய நம்பரைத் திரும்ப எழுதினார்கள். சிமெண்டில் கைதிகள் செய்து வைத்தார்கள். வாசலில் டிக்கெட் கூண்டு, பக்கத்தில் கலர் சோடாவும் முறுக்கும் விற்கிற கடை. ஆரப்பாளையத்திலிருந்து ஞாயிறுதோறும் டூரிஸ்ட் பஸ் வந்தது.

ராயப்பன் அங்கே வார்டராக இருந்தவன். சிறை நெல் கிட்டங்கி ஆனபோது அதற்கு வாட்ச்மேன் ஆனான். கிட்டங்கி காலியானபோது வழிகாட்டி ஆனான். மூன்று வேலையிலும் சாவிக்கொத்து அவன் இடுப்பில்தான் இருந்தது.

கூட்டத்தின் கடைசியில் ஒச்சாயியும் அவள் கொழுந்தன் முத்திருளனும் நின்றார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஒச்சாயி இடுப்பில் ஒரு புது மஞ்சள் துணியை மடித்துச் செருகியிருந்தாள்.

அவள் புருஷன் பேயாண்டி இந்தச் சிறையில் செத்தவன். எழுபத்தாறில், யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாத வருஷத்தில். கிணற்று மோட்டாரைத் திருடினான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்துப் பாயில் சுருட்டிக் கொடுத்தார்கள். மூணாம் நம்பர் அறையில் துண்டால் தூக்கு மாட்டிக்கொண்டான் என்றார்கள். சுடுகாடு வரைக்கும் போலீஸ் கூடவே வந்தது. பாயைப் பிரிக்க விடவில்லை. பிடித்துப் போனபோது பேயாண்டியின் தோளில் துண்டே இல்லை. ஒச்சாயிக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய.

அடிபட்டுச் செத்தவன் அந்தப் பக்கத்தில் சும்மா போய்விட மாட்டான். கல் நட்டு, சுருட்டும் சாராயமும் வைத்து, அவனைச் சாமியாக்கி வயலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைச் சுற்றுவான். கல்லுக்கு அடியில் போட, உயிர் போன இடத்து மண்ணில் ஒரு பிடி வேண்டும். வேறு மண் போட்டால் அது வெறும் கல்.

கிட்டங்கியாக இருந்தபோது ஒருமுறை வந்து கேட்டார்கள். ராயப்பன் மறுக்கவில்லை. மூணாம் நம்பரைத் திறந்து, தானே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தளக்கல் இடுக்கிலிருந்து மண்ணைச் சுரண்டிக் கொடுத்தான். கும்பிட்டு வாங்கிப்போய் வயலில் கல் நட்டார்கள். உறுமி மேளம் அடித்தார்கள், கிடாய் வெட்டினார்கள். பேயாண்டி யார்மேலும் இறங்கவில்லை. சாமியாட நின்ற முத்திருளன் பொழுது சாயும்வரைக்கும் மரக்கட்டையாக நின்றான். சொந்தக்காரர்கள் கறியைத் தின்றுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த சித்திரையில் ஒச்சாயியின் மூத்த மகன், நீச்சல் தெரிந்தவன், இடுப்பளவுத் தண்ணீரில் செத்துக் கிடந்தான். குறி சொல்கிற கோடாங்கி உடுக்கையை அடித்துக் கேட்டுவிட்டு, "மண்ணு தப்பு. உசுரு அங்க போகலை," என்றான். ஒச்சாயிக்கு இன்னும் ஒரு மகன் மிச்சம் இருந்தான்.

இப்போது சிறை முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி போட்டாகிவிட்டது. மீதி நாளைக்கு என்று அவர்கள் ஊர்க் கொத்தனார் சிவனாண்டி சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு எந்த இடத்து மண்ணும் கிடைக்காது.

"அந்த வார்டரைத் தனியாப் பிடிச்சுக் கேப்போம்," என்று பஸ்ஸில் வரும்போது முத்திருளன் சொன்னான்.

"கேட்டாச் சொல்லிருவானாக்கும்."

"கேக்குற மாதிரிக் கேட்டாச் சொல்லுவான், மதினி."

உண்மையில் பேயாண்டி சாமியாகிற அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. வாய்தான் பெரிசு. ஒருமுறை ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்குள் சண்டை போட்டு, உதடு கிழிந்து, பல் ஒன்று போய், வேட்டியும் போய், கோவணத்தோடு வீடு வந்து சேர்ந்தான். "நாலு பேரை அடிச்சுப் போட்டுட்டு வாரேன்," என்றான். ஒச்சாயி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் நாலு பேர் ஆறு பேர் ஆகியிருந்தார்கள். ஆனால் செத்த பிறகு முத்திருளன் ஊரெல்லாம் சொன்னது ஒன்றுதான்: எங்கண்ணன் யாருக்கும் பணியாதவன், அதனால்தான் கொன்றார்கள்.

ராயப்பன் கூட்டத்தை மூணாம் நம்பருக்கு ஓட்டிக்கொண்டு போனான். ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டு சுருக்குப் போட்டுத் தொங்கியது. போன மாதம் உசிலம்பட்டிச் சந்தையில் வாங்கியது.

"இங்கதான் ஒரு பெரிய ரௌடி தூக்கு மாட்டிக்கிட்டான்," என்று தொடங்கினான். "பேயாண்டின்னு பேரு. அஞ்சு பேர் சேந்து பிடிச்சாலும் அடங்க மாட்டான்."

"அந்தத் துண்டேதானா அண்ணே இது?" என்றான் கோயம்புத்தூர்க்காரன்.

"அதேதான்."

"சும்மா இருங்க, பயமா இருக்கு," என்று அவன் மனைவி அவன் கையைக் கிள்ளினாள். சொல்லிவிட்டு அவளே எட்டிப்போய்த் துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

ராயப்பன் அடுத்த வரியைச் சொல்ல வாயெடுத்தபோது கூட்டத்தின் பின்னால் ஒச்சாயியைப் பார்த்தான். பிறகு, "வாங்க, வாங்க, அடுத்த அறை," என்று அவசரப்படுத்தினான். மற்ற ஞாயிறுகளில் மூணாம் நம்பரில்தான் அவன் அதிக நேரம் பேசுவான் என்று டிக்கெட் கொடுக்கிறவன் சொல்லியிருந்தான்.

கூட்டம் நகர்ந்தது. ஒச்சாயி நகரவில்லை. சுவரோரமாகவே நடந்து சமையல்கட்டுக்குப் பின்பக்கம் போனாள். சிறையில் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டாத இடம் அது ஒன்றுதான். கூரை சரிந்த சமையல்கட்டு, தூர்ந்துபோன கிணறு, கிணற்றடியில் ஒரு துவைகல். சுற்றிலும் இன்னும் மண் தரை. சிவனாண்டியின் ஆட்கள் மணலையும் ஜல்லியையும் குவித்து, கடப்பாரையையும் சட்டிகளையும் போட்டுவிட்டு ஞாயிறு விடுப்பில் போயிருந்தார்கள்.

எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மண்ணைப் பார்த்தாள். எல்லாம் ஒரே மண்ணாகத்தான் இருந்தது. துவைகல்லில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கல்லைத் தாங்கிய இரண்டு முட்டுக்கல்லுக்கும் நடுவே இருந்த பொந்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எச்சம் என்று நினைத்தாள். குனிந்து நகத்தால் சுரண்டினாள். மெழுகு.

சொட்டிச் சொட்டி உறைந்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் தடித்துக் கிடந்தது. அடியில் இருந்தது தூசி ஏறிப் பழுப்பாகியிருந்தது. மேலே இருந்தது புதுசு. கருகின திரி அப்படியே நின்றது. காற்றுப் படாமல், வெளிச்சம் வெளியே தெரியாமல், பொந்துக்குள் வைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள்.

நேற்று கல்லறைத் திருநாள். வேதக்காரர்கள் செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிற நாள். ஒச்சாயியின் ஆட்கள் செத்தவனுக்கு எண்ணெய் விளக்கு வைப்பார்கள், மெழுகுவர்த்தி வைக்க மாட்டார்கள். இங்கே கல்லறை எதுவும் இல்லை. இந்தச் சிறையின் சாவியை இத்தனை வருஷம் இடுப்பில் வைத்திருந்த வேதக்காரன் ஒருத்தன்தான்.

அவள் எழுந்து கல்லைப் பார்த்தாள். தன் பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிடப் போன கையை நிறுத்திக்கொண்டாள்.

முற்றத்துக்குத் திரும்பியபோது கடைசிக் காட்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டு கனத்த மரக்கட்டைகள், நடுவே கால் நுழைக்க ஓட்டை. மேல்கட்டையை இறக்கி ஆப்பு அடித்துவிட்டால் காலை உருவ முடியாது. சுற்றுலாக்காரர்கள் அதில் காலைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். யாரும் பயப்படக் கூடாதென்று ராயப்பன் எப்போதும் முதலில் தானே உட்கார்ந்து காட்டுவான்.

ஒச்சாயி முத்திருளன் பக்கத்தில் போய் நின்றாள். "கெணத்தடித் தொவைகல்லு. அடியில மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கான். நேத்தும் ஏத்தியிருக்கான்."

முத்திருளன் ராயப்பனின் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான்.

ராயப்பன் கால்களை ஓட்டைக்குள் விட்டு, தரையில் உட்கார்ந்திருந்தான். "யாராச்சும் ஒருத்தர் வந்து ஆப்பை லேசா அடிங்க. லேசா."

"நான் அடிக்கிறேன்," என்றான் முத்திருளன்.

பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து ஆப்பை அடித்தான். லேசாக அடிக்கவில்லை. ஆப்பு தலை வரைக்கும் இறங்கியது. ராயப்பன் நிமிர்ந்து பார்த்தான். பேயாண்டிக்கு இருந்த அதே மூக்கு, அதே நெற்றி. ராயப்பன் கையிலிருந்த பிரம்பை முத்திருளன் பிடுங்கிக்கொண்டான்.

முதல் அடி தோளில் விழுந்தது. கூட்டம் சிரித்தது.

"ஆக்டிங் நல்லா இருக்கே," என்றான் கோயம்புத்தூர்க்காரன், கேமராவைத் திருகிக்கொண்டே.

இரண்டாவது அடி வாயில் விழுந்தது. ராயப்பன் ரத்தத்தைத் துப்பினான். ரத்தத்தோடு பல்லும் வந்தது. அப்போதும் ஒருத்தி கைதட்டினாள். மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"எங்கடா வச்சுக் கொன்னீங்க?" என்றான் முத்திருளன்.

"தம்பி, மூணாம் நம்பர்ல—"

பிரம்பு தொடையில் இறங்கியது. ராயப்பன் சொல்லிக்கொடுத்த இடத்திலேயே இறங்கியது. உட்கார்ந்தபடி அவன் பின்பக்கமாகச் சாய்ந்தான். கால்கள் கட்டைக்குள் இருந்ததால் முழுதாகச் சாயவும் முடியவில்லை. கணுக்கால் திருகி, தோல் மரத்தில் உரிந்தது. முத்திருளன் திரும்பத் திரும்பத் தொடையிலேயே அடித்தான். பஸ்ஸோடு வந்த மேற்பார்வையாளன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான். பிரம்பின் பூண் போட்ட முனை அவன் காதைக் கிழித்தது. காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். கூட்டமும் ஓடியது. கேமராவின் மூடி தரையில் கிடந்தது.

முத்திருளன் வாசல் வரைக்கும் போய்ப் பெரிய கதவைச் சாத்தி இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டான். உள்ளே இருப்பவன் வெளியே போகாமல் இருக்க வெள்ளைக்காரன் போட்ட கதவு. வெளியே இருப்பவன் உள்ளே வராமலும் பார்த்துக்கொண்டது.

"எங்க?" என்றான் திரும்பி வந்து.

"கல்லு," என்றான் ராயப்பன். "தொவைகல்லு."

"கல்லுன்னா? மேலயா, கீழயா, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"காட்டுறேன். அடிக்காத. காட்டுறேன்."

ஆப்பைத் தட்டி எடுத்து, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ராயப்பனால் நிற்க முடியவில்லை. பொம்மையை இழுப்பது மாதிரி இருந்தது. புதுச் சிமெண்ட் தரையில் ஈரக்கோடு ஒன்று விழுந்துகொண்டே வந்தது. துவைகல்லுக்கு வந்ததும் முத்திருளன் அவன் பிடரியைப் பிடித்து முகத்தைக் கல்லில் மோதினான். மூக்கு உடைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, ஜல்லிக் குவியலில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தான்.

"நில்லு," என்றாள் ஒச்சாயி.

"விலகுங்க மதினி."

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? இவன் இங்கன செத்தா இவனும் இங்கனயே நிப்பான். அப்புறம் இந்த மண்ணை எடுத்தா ரெண்டு பேருமில்ல வருவாங்க. எம் புருசன் பக்கத்துல இவனையும் வச்சு, இவனுக்கும் சேத்து நான் கிடா வெட்டணுமா?"

முத்திருளன் கடப்பாரையை ஓங்கியபடியே நின்றான். அவனுக்கு அது தோன்றியிருக்கவில்லை. ராயப்பனின் மூக்கிலிருந்து ரத்தம் கல்லில் ஓடி, விளிம்புக்கு வந்து திரண்டு தொங்கியது. ஒச்சாயி பாய்ந்து தன் முந்தானையால் அதை ஏந்தினாள். ஒரு சொட்டும் மண்ணில் விழ விடவில்லை.

"பிடிச்சுத் தூக்கு. சிமெண்ட்டுக்கு இழு. இவன் ரத்தம் இங்க விழக் கூடாது."

இழுத்துப் போட்டான். வெளியே கதவை இடித்தார்கள். டிக்கெட் கூண்டுக்காரனின் குரலும் கலர்க்கடைக்காரனின் குரலும் கேட்டன. முத்திருளன் கடப்பாரையோடு கதவுக்கு ஓடி, அதைத் தாழ்ப்பாளுக்குக் குறுக்கே கொடுத்து முதுகை வைத்து நின்றுகொண்டான். அங்கிருந்து சமையல்கட்டின் பின்பக்கம் பேசுவது கேட்காது.

ஒச்சாயி ராயப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "சொல்லு. எடத்தைச் சொல்லு. பொய் சொன்னியின்னா அவனைக் கூப்பிடுவேன்."

ராயப்பன் வாயால் மூச்சு விட்டான். "கல்லுக்குக் கெழக்க. பொந்துக்கு நேரா. தலை அங்கனதான் தொங்குச்சு, தாயி."

"யாரு அடிச்சது?"

"ஏட்டு வார்டர் கருத்தக்கண்ணன். அவரு செத்துட்டாரு."

"நீ?"

"ஒம் புருசன் காலை அமுக்கிப் பிடிச்சேன்."

"அம்புட்டுத்தானா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஒச்சாயி அவன் உடைந்த மூக்கின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அவன் அலறி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கருத்தக்கண்ணன் வீட்டு எருமைக்குக் கைதிங்கதான் தண்ணி சுமக்கணும். ஒம் புருசன் முடியாதுன்னுட்டான். 'ஒம் பொண்டாட்டியச் சுமக்கச் சொல்லுடா'ன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்புட்டான். அதான். துணி தொவைக்கிற மாதிரி கல்லு மேல குப்புறப் போட்டு அடிச்சாரு. அவருக்குக் கை வலிச்சதும் பிரம்பை என்கிட்டக் குடுத்தாரு. நான் அடிச்சேன். முதுகுலதான் அடிச்சேன். அப்ப எனக்குத் தொழில் தெரியாது."

"என்னமும் சொன்னானா?"

"வேணாம் தாயி."

"சொல்லு."

"'தண்ணி சுமக்கிறேன் சாமி'ன்னான். 'எருமையக் குளிப்பாட்டுறேன், சாணி அள்ளுறேன், காலை நக்குறேன், விட்டுருங்க'ன்னான். சின்னப்புள்ள மாதிரி அழுதான். மலம் போயிருச்சு. அடிச்சது போதும்னு கருத்தக்கண்ணன் சொல்லலை. அவரு சொல்லலைன்னு நானும் நிப்பாட்டலை. கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் சத்தம் இல்லைங்கிறது தெரிஞ்சது. அப்புறம் மூணாம் நம்பருக்குத் தூக்கிட்டுப் போனோம்."

ஒச்சாயி கதவு இடிபடுகிற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் தம்பிகிட்ட இதை நீ சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாத. செத்தாலும் சொல்லாத."

எழுந்து கல்லுக்குக் கிழக்கே போனாள். குந்தி உட்கார்ந்து, மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, அடி மண்ணைக் கையால் தோண்டினாள். இறுகிப்போன மண். நகம் ஒன்று பிய்ந்தது. அந்த ரத்தம் பரவாயில்லை, வீட்டு ரத்தம்தான். ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் வைத்து முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "வா, போவோம்," என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். அப்படிச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பிறகு முத்திருளனை அழைத்தாள். "எடுத்துட்டேன்."

அவன் கடப்பாரையை உருவிக்கொண்டு வந்தான். சிமெண்ட் தரையில் கிடந்த ராயப்பனைக் காலால் புரட்டினான். "அன்னைக்கு மூணாம் நம்பர்ல மண்ணு சொரண்டிக் குடுத்த கை எது?"

ராயப்பன் வலது கையை மார்புக்கு அடியில் இழுத்து ஒளித்துக்கொண்டான். முத்திருளன் அதை வெளியே இழுத்து, மணிக்கட்டின் மேல் காலை வைத்துக்கொண்டு, கடப்பாரையின் தடித்த முனையை விரல்களின் மேல் இறக்கினான். திரும்பவும் இறக்கினான். சிமெண்ட் தரை விரிசல் விட்டது. ஒச்சாயி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தடுக்கவும் இல்லை. அவன் மூன்றாவது முறை ஓங்கியபோதுதான், "போதும்," என்றாள். அந்த இடத்தில் அந்தச் சொல்லை யாராவது சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கதவைத் திறந்தபோது போலீஸ் வந்திருந்தது. முத்திருளனை வேனில் ஏற்றி, ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே அடிக்க ஆரம்பித்தார்கள். ஒச்சாயியை யாரும் கவனிக்கவில்லை. ரத்தம் படிந்த முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி, எழுமலை பஸ்ஸுக்கு ரோட்டோரம் போய் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் ராயப்பன் வாக்குமூலம் கொடுத்தான். காட்சி காட்டும்போது பொம்மைக்கு விழ வேண்டிய அடி தவறித் தன்மேல் பட்டுவிட்டது, கட்டை சரிந்து கை நசுங்கியது, யார்மேலும் புகார் இல்லை என்றான். எழுதிய ஏட்டு சிரித்தான். புகார் இல்லாததால் முத்திருளனைக் காதறுந்த வழக்கில் மட்டும் கொஞ்ச நாள் உள்ளே வைத்துவிட்டு, விலாவில் ஓர் எலும்பை முறித்து அனுப்பினார்கள். கிணற்றடிக்கும் சிமெண்ட் போட்டாகிவிட்டது. கோயம்புத்தூர்க்காரன் எடுத்த படங்கள் எப்படியோ பஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. வழிகாட்டியை அடிக்கிற காட்சி எந்த ஞாயிறு என்று கேட்டு மதுரையில் ஆட்கள் வந்தார்கள். ராயப்பன் கை கட்டுப் பிரித்ததும் திரும்பவும் வேலைக்கு வந்தான். பிரம்பை இடது கையில் பிடித்துக்கொண்டான். மூணாம் நம்பரில் இப்போது எதுவும் பேசுவதில்லை, துண்டை மட்டும் காட்டினான்.

தை மாதம் வயலில் பழைய கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கல் நட்டார்கள். உச்சி வெயில். குழிக்குள் மஞ்சள் துணியை ஒச்சாயியே அவிழ்த்து மண்ணைக் கொட்டினாள். சுருட்டு, சாராயம், அவித்த முட்டை எல்லாம் வைத்தார்கள். உறுமிக்காரன் இழுத்து அடித்தான். சொந்தக்காரர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். போன தடவை சிரித்தவர்கள்தான். இளைய மகன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்கிற வயதைத் தாண்டியவன், ஆனாலும் பக்கத்தில் ஒட்டி நின்றான்.

முத்திருளன் விலாவைப் பிடித்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றான். வெகு நேரம் நின்றான். யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒச்சாயி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருவதானால் எந்த வாயோடு வருவான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கிணற்றடியில் அழுத வாயோடு வந்தால், காலை நக்குறேன் என்று இத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னால், என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

முத்திருளனுக்கு முதலில் கெண்டைக்கால் துடித்தது. பிறகு தோள். பிறகு அவன் மண்ணில் இருந்து ஒரு முழம் எழும்பிக் குதித்தான். விலா எலும்பு முறிந்தவன் அப்படிக் குதிக்க முடியாது. சாராயப் பாட்டிலைப் பிடுங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். உறுமி உச்சத்துக்குப் போனது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"யாரு வந்திருக்கிறது?" என்று கோடாங்கி கேட்டான்.

"பேயாண்டிடா."

"எங்க இருந்து வாரீக?"

"செயிலுக்குள்ள இருந்து வாரேன். பத்து வார்டரும் ஒத்தைக்கு ஒத்தை நிக்க முடியாம ஓடுனானுக. கருத்தக்கண்ணன் என் காலைப் பிடிச்சு அழுதான். எவனுக்கும் நான் பணியலை. எவன் எருமைக்கும் நான் தண்ணி சுமக்கலை."

எருமை விஷயத்தை ராயப்பன் ஒச்சாயியைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். இளைய மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

ஒச்சாயிக்கு எருமைகூடப் பெரிதாகப் படவில்லை. பத்து வார்டர் என்றதைத்தான் கேட்டாள். அந்தச் சிறையில் மொத்தமே இரண்டு மூன்று வார்டர்கள்தான் இருந்தார்கள். நாலு பேரை ஆறு பேராக்கின வாய்.

அவன்தான். சந்தேகமே இல்லை. வந்துவிட்டான்.

அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள். கத்தி முடித்ததும் அவனுக்குத் தண்ணீர் தவிக்கும்.